ஹார்ன் அடித்தால் சூடு ஏறும் படகு

படகுத்துறையில் அவளை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடத் தெரியாது, காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லத் தெரியாது. ஆனால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினாள் என்றால், உள்ளே எந்த வால்வு முணுமுணுக்கிறது, எந்த பேரிங் மூக்கைச் சிந்துகிறது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அந்த டாக்டரம்மாதான் அன்று காலை எஞ்சின் அறைக்குள் மண்டியிட்டு, "என் ராசா, என் மானத்தக் காப்பாத்துடா" என்று இரும்பின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தடவாமல் என்ன செய்வாள்? ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற படகு அது. எஞ்சின் வயசாகிப் புகை கக்க ஆரம்பித்ததும், படகின் சொந்தக்காரரான முதலாளியம்மா அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதென்று முடிவு கட்டிவிட்டார். புது எஞ்சினின் பளபளப்பான படம் ஒன்று அவர் கைப்பையிலேயே குடியிருந்தது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டுவதுபோல் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா நேரே அவர் வீட்டுக்குப் போய் நின்றாள். "எஞ்சின முழுசாப் பிரிச்சு மாட்டித் தர்றேம்மா. ஓடலைன்னா நானே கழட்டி இரும்புக் கடையில கொண்டுபோய்ப் போடுறேன்."

"சரி, செய். ஆனா முதல் நாள் மதியப் படகுல நானே ஏறுவேன். ஒரு முக்கல் முனகல் கேட்டாலும் அப்புறம் பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்" என்றார் முதலாளியம்மா.

இன்றுதான் அந்த முதல் நாள்.

அந்த எஞ்சின்மேல் அவளுக்கு ஏன் அத்தனை பாசம் என்றால், அவளை மனுஷியாக்கியதே அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்தப் படகில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நட்டாற்றில் எஞ்சின் நின்றுபோனது. அன்றைய மெக்கானிக், எஞ்சினைத் திட்டினார், ஆற்றைத் திட்டினார், பிறகு தலைசுற்றுகிறது என்று படுத்துவிட்டார். டிக்கெட் கிழிக்கிற பெண் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, டீசல் குழாயில் அடைத்திருந்த கந்தைத் துணியை உருவிப் போட்டாள். எஞ்சின் கனைத்துக்கொண்டு கிளம்பியது. படகே கை தட்டியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வேறு வேலை பிடிக்கவில்லை.

புருஷனும் அந்தப் படகு கொடுத்த வரம்தான். படகுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர். அவர் அடித்த நாட்களில் புதுப் படகு ஒன்றே கட்டி முடித்திருக்கலாம். எப்போது கேட்டாலும் "இன்னும் ஒரு கோட் பாக்கி இருக்கு" என்பார். கண் மட்டும் எஞ்சின் அறைப் பக்கம் இருக்கும். என்ன பாக்கி என்பது படகுத்துறைக்கே தெரிந்த பிறகுதான் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

பெயிண்டர் தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி உண்டு. வெற்று இரும்பைக் கண்டால் கை அரிக்கும். வீட்டில் வாளி, ஏணி, முறம், சுவர்க் கடிகாரத்தின் முதுகு, எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை வாசல் பூட்டுக்கு இரண்டு கோட் அடித்துவிட்டு, அது காய்ந்து இறுகியதும் குடும்பத்தோடு தெருவில் நின்றார்கள். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. உடைந்த பூட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

எஞ்சினைப் பிரித்து, தேய்த்து, பிஸ்டன் மாற்றி, பேரிங் மாற்றி அவள் பூட்டி முடித்ததும் அவர் பிரஷ்ஷோடு வந்து நின்றார். அவள் விரலை நீட்டிச் சொன்னாள்: "அடிங்க. ஆனா ஒயர் தொடுற இடத்துல ஒரு சொட்டு படக் கூடாது." அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மயில் கழுத்து நிறத்தில் எஞ்சின் ஜொலித்தது. அதைப் பார்த்தே ஊரில் பாதிப் பேர் எஞ்சின் நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ அந்த இரும்பை ராசாங்கிறே. என்னை ஒருநாளாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கியா?" என்று மட்டும் பெயிண்டர் கேட்டார்.

"நீங்க என்ன ஆத்தையா கடக்குறீங்க?" என்றாள் அவள்.

சரி, கதைக்கு வருவோம். மேலே சக்கரத்தின் முன் அவள் தம்பி நின்றான். படகு ஓட்டுகிறவன். உட்கார்ந்து சாப்பிடக்கூடப் பொறுமை இல்லாததால் அவனுக்குப் படகுத்துறை வைத்த பெயர் அவசரம். "அக்கா, சாவியத் திருப்பட்டா, திருப்பட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவன் திருப்பியும்விட்டான்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. என்ன சத்தம்! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. டாக்டரம்மா ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டாள். ஒரு முனகல் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி மேலே குதித்தான், பெயிண்டர் கீழே குதித்தார்.

அப்புறம் அலாரம் அலறியது.

மேலே ஓடிவந்து பார்த்தால், இப்போதுதான் கண் விழித்த எஞ்சினுக்கு, தொட்டால் ஜில்லென்று இருக்கிற எஞ்சினுக்கு, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் பிரஷர் முள்ளோ தூங்குகிறது. "என்னடா இது கூத்து?" என்று அவள் கேட்க, தம்பி பதற்றத்தில் ஹார்னை அமுக்கினான். கரை அதிரக் கத்த வேண்டிய ஹார்ன் பசித்த ஆட்டுக்குட்டிபோல் "மே" என்றது. அந்த நொடியே சூட்டு முள் எம்பிக் குதித்து மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, ஹார்ன் அடிச்சா சூடு ஏறுது!"

"விளக்கப் போடு, பாப்போம்."

விளக்கைப் போட்டான். ஆயில் முள் எழுந்து உட்கார்ந்தது. அணைத்தான், படுத்துக்கொண்டது. தம்பிக்கு ஒரே குஷி. போடுவதும் அணைப்பதுமாக முள்ளை ஆட்டி விளையாடினான். "விளக்கப் போட்டா ஆயில் ஊறுதுக்கா! இனிமே ஆயிலே வாங்க வேணாம்!"

"கையை எடுடா! வயிறு எரியுது எனக்கு" என்றாள் டாக்டரம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் சென்சாரைச் சந்தேகப்பட்டாள். சூடு பார்க்கிற சென்சாரைக் கழற்றி, பேட்டரியோடும் மீட்டரோடும் தனி ஒயர்களில் சேர்த்து, பிளாஸ்கிலிருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி முக்கினாள். முள் சொன்னபடி கேட்டு மெல்ல ஏறியது. தண்ணீர் ஆற ஆற இறங்கியது. தங்கமான சென்சார். எஞ்சினில் மாட்டினால் மட்டும் பைத்தியம் பிடித்தது. புதிதாக வாங்கி வைத்திருந்ததை மாட்டினாள். அதற்கும் பிடித்தது.

அடுத்து அவள் கண் தம்பியின் பாட்டுப் பெட்டிமேல் விழுந்தது. மீட்டர் பலகைக்குப் பின்னால் யாரையும் கேட்காமல் அவனே ஒயர் இழுத்து வைத்தது. பாட்டில் மேளம் விழும்போதெல்லாம் ஆயில் முள்ளும் தாளம் போட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"உன் வேலைதானாடா இது?"

"அக்கா, அது பாவம்க்கா, ஒரு தப்பும் செய்யல!"

ஒரே இழுப்பில் பிடுங்கினாள். தம்பி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். முள்கள் ஆடுவது நிற்கவில்லை. பாட்டு இல்லாமல் ஆடின, அவ்வளவுதான்.

"எர்த்தப் பாத்தியாக்கா?" என்று ஓரத்திலிருந்தே கேட்டான்.

படகிலுள்ள மீட்டர், விளக்கு, ஹார்ன் எல்லாவற்றின் கறுப்பு ஒயர்களும் எஞ்சினின் முதுகில் ஒரே போல்ட்டில் வந்து சேரும். அதுதான் எர்த், போன கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் வாசல். அந்த இடத்தில் இரும்பு வெறும் இரும்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வழி தெரியாமல் அடுத்த வீட்டுக்குள், ஹார்னுக்குப் போனது மீட்டருக்குள் என்று, புகுந்துவிடும். எஞ்சினைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டருக்கு மட்டும் தனியாகத் தடித்த கேபிள், அதனால் அதற்கு வம்பில்லை. போல்ட் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கையை விட்டு, விரலால் தடவித்தான் வேலை பார்க்க வேண்டும்.

அதனால்தான் டாக்டரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கேவா? பெயிண்ட் காஞ்சதும் நானே உப்புத்தாள் போட்டுத் தேச்ச இடம்டா அது. மறுநாள் ஒயர் மாட்டும்போது தடவிப் பாத்தேன், கண்ணாடியாட்டம் வழவழன்னு இருந்துச்சு. அத விடு, வேற சொல்லு."

அவன் வேறு சொன்னான். "அலாரம் ஒயரப் பிடுங்கிடலாம்க்கா. எஞ்சின் நல்லா ஓடுது. மீட்டர் மேல துண்டப் போட்டுடுவோம். முதலாளியம்மாவுக்கு என்ன தெரியும்?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது, பொய் சொல்லக் கூடாது பாருங்கள். பிடுங்கினால் அமைதி. எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். கரையில் மதியப் படகுக்கு ஆட்கள் வேறு சேர ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாளைக்கு நிஜமாவே சூடு ஏறுனா யாருடா கத்துவா? நீயா?" என்றாள் கடைசியில். "ஆள் ஏத்துற படகு இது. வாய மூடிக்கிட்டு ஓடுற எஞ்சின் எனக்கு வேணாம்."

மறுபடி கீழே இறங்கினாள். மீட்டரிலிருந்து சென்சார் வரை ஒவ்வொரு ஒயராக உருவினாள், ஒவ்வொரு முனையாக அசைத்தாள். எண்ணெய்த் தண்ணீர் முதுகை நனைக்க, எஞ்சின் அறையின் அடியில் மல்லாந்து கிடந்தபோது மேலே பலகையில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நடை அவளுக்குத் தெரியும். முதலாளியம்மா வந்துவிட்டார்.

மேலே கைப்பையின் கொக்கி 'டக்'கென்று திறந்தது. டாக்டரம்மாவின் நெஞ்சும் கூடவே 'டக்'கென்றது. படத்தை எடுக்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது. நாளைக்கு இந்த எஞ்சினை அவளே ஸ்பேனர் போட்டுக் கழற்ற வேண்டும், அவளே வண்டியில் ஏற்ற வேண்டும். ஓடுகிற எஞ்சினை, ஒரு முனகல் இல்லாத எஞ்சினை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஒயரின் முனையைப் பிடித்து அசைத்தாள்.

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். பெயிண்டர் ஓடிவந்து வணக்கம் போட்டார். பொண்டாட்டிக்காகப் பேச்சை இழுத்து நேரம் கடத்துவதுதான் அவர் எண்ணம். அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது.

"கலர் பிரமாதமா இருக்குய்யா. அத மட்டும் சொல்லணும்" என்றார் முதலாளியம்மா.

பெயிண்டர் குளிர்ந்துபோனார். "முன்பக்கம் எவன் வேணா அடிப்பாம்மா. பின்பக்கம் பாத்தாத்தான் தொழில் தெரியும். கண்ணுக்கே எட்டாத இடம் அது. நான் மூஞ்சி பாக்குற கண்ணாடிய ஒரு குச்சில கட்டி உள்ள விட்டுப் பாத்தேன். பாத்தா, கடைசி நேரத்துல யாரோ ஒரு இடத்துல போட்டு வரட்டு வரட்டுனு தேச்சு வெச்சிருக்காங்க. இரும்பு பல்ல இளிக்குது! மனசு கேக்குமா? மூணு கோட்டு. போல்ட் துளைக்குள்ளகூட சின்ன பிரஷ்ஷ விட்டு..."

எஞ்சினுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலாரம் என்று நினைத்து முதலாளியம்மா இரண்டடி பின்வாங்கினார். அலாரம் இல்லை, டாக்டரம்மா.

"என்ன்ன்னங்க!"

கிரீஸ் பூசிய முகமும் கலைந்த கொண்டையுமாக அவள் மேலே முளைத்தாள். "எந்த இடம்? எந்த இடத்துல அடிச்சீங்க?"

"பின்னாடி... அந்த ஒத்தை போல்ட்..." பெயிண்டரின் சுருதி இறங்கிக்கொண்டே போனது. "ஒயர் எதுவும் இல்லியே அங்க..."

"மறுநாள்தான் மாட்டினேன்!"

"அப்ப தேச்சது..."

"நான்!"

ஓரத்திலிருந்து தம்பி, "வாசல் பூட்டு, மாமா" என்றான் மெதுவாக.

அவ்வளவுதான். முதலில் டாக்டரம்மாவுக்குத்தான் வெடித்தது. சிரிக்கிறாள், சிரிக்கிறாள், படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணாடியாட்டம் வழவழவென்று அவள் விரலுக்குப் பட்டது இரும்பே இல்லை, புருஷனின் கைவண்ணம்! தடவிப் பார்த்து மெச்சிக்கொண்டே அதன்மேல் ஒயரை மாட்டியவளும் அவள்தானே. காலையிலிருந்து ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, தன் விரலை மட்டும் சந்தேகப்படாமல் விட்டாள். தம்பி பாட்டுப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "நான் சொன்னேனா இல்லியா, இது ஒரு தப்பும் செய்யலன்னு!" என்று கத்தினான்.

முதலாளியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகு கிளம்புமா கிளம்பாதா என்று கேட்டார்.

"கிளம்பும்மா. ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, போதும்" என்றாள் டாக்டரம்மா. உப்புத்தாளை எடுத்தாள்.

பெயிண்டர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் அடிச்சத நானே எடுக்குறேன்" என்றார். அந்த மனுஷர் வாழ்நாளில் தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டியதில்லை. பேட்டரி ஒயரையும் அந்த போல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அவள் குச்சிக் கண்ணாடியைப் பிடித்து டார்ச் அடிக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். மயில் கழுத்து நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போல்ட் துளைக்குள் சின்ன அரம் விட்டுச் சுற்றினார். "போதுமா?" என்றார். "இன்னும்" என்றாள். "போதுமா?" "இன்னும்." கடைசியில் கண்ணாடிக்குள் இரும்பு பளிச்சென்று பல்லை இளித்தது. இந்த முறை அவருக்கு அது அசிங்கமாகப் படவில்லை என்று பிற்பாடு சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கறுப்பு ஒயர்களையெல்லாம் சேர்த்து அவள் இறுக்கினாள், பேட்டரியை மாட்டினாள். "திருப்புடா!"

எஞ்சின் பிடித்தது. அலாரம் ஒரு நொடி கீச்சிட்டுவிட்டு, ஆயில் முள் எழுந்ததும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. சூட்டு முள் அடியிலிருந்து அடிமேல் அடி வைத்து ஏறிவந்து, நடுவில் நின்றது. விளக்கைப் போட்டான், முள் அசையவில்லை. அணைத்தான், அசையவில்லை.

"இப்ப ஹார்ன்" என்றாள்.

தம்பி அமுக்கினான். ஆட்டுக்குட்டி போன இடம் தெரியவில்லை. ஆற்றின் இரண்டு கரையும் அதிரும்படி ஹார்ன் பிளிறிய பிளிறலில், கரையில் காத்திருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள், முதலாளியம்மா "ஐயோ!" என்று இரண்டு கையையும் தூக்கினார். கையிலிருந்த புது எஞ்சின் படம் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. எல்லாரும் அதை எட்டிப் பார்த்தார்கள். அது ஒருமுறை சுழன்றுவிட்டு அமிழ்ந்துபோனது.

"எடுக்கட்டுமாம்மா?" என்று தம்பி கேட்டான், கொக்கிக் கழியைக் கையில் எடுக்காமலே.

முதலாளியம்மா மீட்டரைப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எதுக்கு? படகை எடு" என்று சொல்லிவிட்டு, முன்வரிசைப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படகு நிறைந்தது. போகும்போதும் வரும்போதும் தம்பி அவசரம் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினான். மீன்கொத்திக்கு ஹார்ன், எதிர்ப் படகுக்கு ஹார்ன், சும்மா இருந்த பாறைக்கும் ஹார்ன். டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு ஹார்னுக்கும் மேலே ஓடிவந்து முள்ளைப் பார்த்தாள். அது நடுவிலேயே நின்றது. அவளுக்கு ஆடலாம்போல் இருந்தது. எஞ்சின் அறையில் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் ஆடவும் செய்தாள்.

சாயங்காலம் கடைசிச் சவாரி முடிந்து எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைக்கும்போது, உள்ளே புதுப் பெயிண்ட் வாசம் அடித்தது. அவளுக்குப் பகீர் என்றது. குச்சிக் கண்ணாடியைப் பிடுங்கி எஞ்சினின் முதுகுப் பக்கம் விட்டாள்.

போல்ட்டைச் சுற்றிச் சிவப்பில் மெல்லிய வட்டம், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல். வட்டத்துக்கு உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெறும் இரும்பு.

பெயிண்டர் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். "உள்ள அடிக்கல. சத்தியமா அடிக்கல. இது அடிக்கக் கூடாத இடம்னு எனக்கே ஞாபகம் இருக்கட்டும்னு..."

"கை அரிக்கலியா?"

"அரிச்சுச்சு" என்றார். "வட்டம் போட்டதும் பிரஷ்ஷக் கீழ வெச்சிட்டுக் கையக் கட்டிக்கிட்டேன்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். காதில் பச்சை, மூக்கில் சிவப்பு, சட்டையெல்லாம் சுரண்டிய பொடி.

"என் ராசா" என்றாள்.

பெயிண்டர் பழக்க தோஷத்தில் எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் கை எஞ்சின்மேல் இல்லை, அவர் தோளில் இருந்தது.